பாட்டா, இந்த விஷுவுக்குப் புளி வேண்டாம்

அன்புள்ள பாட்டாவுக்கு, மூத்த பேத்தி எழுதிக்கொள்வது.

நான் நல்ல சுகம். போன்ல பேசினா உங்களுக்குப் பாதி கேக்கல்லன்னு அம்மா சொன்னா. கடுதாசின்னா கண்ணாடிய மாட்டிக்கிட்டு நாலு தடவை படிப்பீங்கல்லா, அதான் எழுதுறேன்.

இங்க பங்குனி பிறந்தும் குளிர் விடல்ல. கார் நிறுத்துற இடத்து மூலையில வாரிக் குவிச்ச பனி கறுத்துப்போய் இன்னும் கெடக்கு. பிலடெல்பியாவுக்கு ஒரு மணி நேரத் தூரத்துல ஊர். வாரத்துக்கு மூணு ராத்திரி டூட்டி. மலையாளிக் கடையில மட்டை அரிசி கிடைக்கு, நேந்திரங்காய் வறுவல் கிடைக்கு, மட்டிப்பழம் மட்டும் கிடைக்கவே இல்ல. மட்டின்னு ஒரு பழம் உண்டுன்னு சொன்னா கடைக்காரரே நம்ப மாட்டேங்கிறார்.

நான் எழுத வந்தது வேற. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது எனக்க கையில ஒரு வெள்ளி ரூபாய் வச்சீங்கல்லா, அஞ்சாம் ஜார்ஜ் ராசா தலை போட்டது, 1918? அது எப்பவும் பர்ஸ்லதான் இருக்கும். கீழ்வீட்டுல ஒரு கிழவர் இருக்கார், தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். நாணயம் சேர்க்குறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் பேச்சுவாக்குல அவர்கிட்ட அதைக் காட்டினேன்.

மனுசன் உடனே கையில வாங்கல்ல. முதல்ல மேசையில ஒரு துண்டை மடிச்சு விரிச்சார், விழுந்தா அடிபடக் கூடாதாம். ஓரத்தை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சு, ஒத்த விளக்குக்கு அடியில மெதுவா சரிச்சுச் சரிச்சுப் பாத்தார். ராசா முகத்துல விரல் படவே இல்ல. பெறவு பூதக்கண்ணாடியால பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை யாரு தேய்ச்சது?"

எனக்கு வெக்கமாப் போச்சு. வருசா வருசம் விஷுவுக்கு முந்தின நாள் நீங்க கிணத்தடியில உக்காந்து புளியும் சாம்பலும் போட்டு உருளி, குத்துவிளக்கு, வெள்ளி ரூபாய் எல்லாத்தையும் ஒண்ணாத் தேய்ப்பீங்கல்லா, அதை எப்பிடி அவருக்குச் சொல்ல? விடியக்காலம் கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வந்து கனி காட்டும்போது, கொன்றைப்பூவுக்கு நடுவுல அந்த ரூபாய் மின்னும். அந்த மினுக்கத்தைத்தான் இங்க உள்ளவங்க குத்தம்னு சொல்றாங்க.

அவர் விளக்கினது இது. அச்சு அடிக்கும்போது வெள்ளி ஒரு நொடி மாவு மாதிரி நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓடுமாம். அந்த ஓட்டத்துல கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழும். விளக்குக்கு அடியில நாணயத்தைச் சரிச்சா, அந்தக் கோடுகள்ல பட்டு வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுத்திவரும். அவர்கிட்ட இருந்த ஒரு பழைய டாலர்ல இதைக் காட்டினார், அப்பிடியே நின்னு பாத்தேன். புழங்கப் புழங்க முதல்ல மேட்டுல இருக்கிற இடம் மங்கும். ராசாவுக்கு மீசை, காது, உடையில இருக்கிற யானை, இதெல்லாம்தான் மேடு. தேய்ச்சா மேடு பள்ளம்னு பாக்காம அந்தக் கோடு எல்லாமே போயிரும். அதுக்கு மேல நம்ம சாம்பல் புதுசாக் கீறல் போடும், எல்லாம் ஒரே திசையில. எனக்க ரூபாயைச் சரிச்சப்பம் ஒண்ணும் சுத்தல்ல. அலுமினியச் சட்டி மாதிரி ஒரே வெளுப்பு.

சனிக்கிழமை தோறும் அவர்கிட்டப் பாடம் படிக்கேன். நாணயத்துக்கு 1 முதல் 70 வரை மார்க் போடுறாங்க. 1949-ல ஷெல்டன்னு ஒருத்தர் இந்த ஊர்ப் பழைய செம்புச் சென்டுக்காக உண்டாக்கின கணக்கு. 70 மார்க் காசு, 1 மார்க் காசைப்போல 70 மடங்கு விலைன்னு அவர் நினைச்சார். விலை அந்தக் கணக்குக்கு எப்பவோ அடங்காமப் போச்சு, மார்க் மட்டும் நின்னுட்டு. 4-ன்னா உருவம் தெரியும், அவ்வளவுதான். 40-ன்னா மேட்டுல மட்டும் தேய்மானம். 60-ம் அதுக்கு மேலயும் கடைத்தெருவையே பாக்காத காசு. ஆனா வேடிக்கை கேளுங்க: மூட்டையில ஒண்ணோட ஒண்ணு மோதிக் காயப்பட்ட 60-ஐவிட, லேசாப் புழங்கின 58 பல சமயம் லட்சணமா இருக்கும். மோர்கன் டாலர்னு இந்த ஊர்ப் பழைய வெள்ளிக் காசு ஒண்ணு, அதுல இருக்கிற பொம்பளை கன்னத்துல ஒரு வெட்டு இருந்தா மார்க் விழுந்துரும். தேய்மானம் வேற, அச்சு அழுந்தாமப் போனது வேற. ரெண்டையும் பிரிச்சறியத்தான் எனக்கு இன்னும் வரல்ல.

இதுக்குன்னே பிசிஜிஎஸ், என்ஜிசின்னு கம்பெனிகள் உண்டு, 1986-லயும் 1987-லயும் தொடங்கினது. காசைப் பாத்து மார்க் போட்டுக் கண்ணாடி மாதிரி டப்பாவுக்குள்ள அடைச்சுத் தருவாங்க. தேய்ச்சதுன்னு தெரிஞ்சா மார்க் கிடையாது, தேய்ச்சதுன்னே எழுதி அனுப்பிருவாங்க.

பாட்டா, கிழவர் காசைச் சரிச்சுப் பாக்கும்போதெல்லாம் எனக்கு உங்க நினைப்புதான். மார்த்தாண்டத்துல குடோன் வாசல்ல நின்னு ரப்பர் ஷீட்டை வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, குமிழி உண்டா, பூசணம் உண்டான்னு பாத்து, "நாலு"ன்னு ஒத்த வார்த்தைதான் சொல்லுவீங்க. கொண்டு வந்தவன் மூணாந் தரம்னு எவ்வளவு வாதாடினாலும் மாத்த மாட்டீங்க. கிழவரும் அப்பிடித்தான். ஒரு காசை நான் 45-ன்னு சொன்னேன், அவர் 40-ன்னார், பெறவு பேச்சே இல்ல.

அந்த 1918 ரூபாயில இன்னொரு சங்கதி உண்டு. முதல் உலகப் போர்ல நம்ம நாட்டுல சனங்க நோட்டை நம்பாம வெள்ளி கேட்டாங்க, அரசாங்கத்துக்கிட்ட வெள்ளி இல்ல. அந்த வருசம் அமெரிக்கா பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, இந்த மோர்கன் டாலரையே ஏறக்குறைய 27 கோடி உருக்கிச்சு. அதுல 26 கோடிக்குக் கிட்டத்தட்ட, இந்தியாவுல ரூபாய் அடிக்கிறதுக்காக இங்கிலாந்துக்கு வித்தது. நீங்க கையில வச்ச ரூபாய் ஒருவேளை இங்க இருந்தே வந்த வெள்ளியா இருக்கலாம். பின்பக்கம் கீழே பூவுக்கு அடியில சின்னப் புள்ளி இருந்தா பம்பாய்ல அடிச்சது, இல்லாட்டி கல்கத்தா. எனக்கதுல புள்ளி இருக்கு.

இனி வேண்டுகோள். ஓவல்டின் டின்ல இருக்கிற ரூபாய்கள்ல 1911 உண்டான்னு பாருங்க. அந்த வருசம் ராசா உடையில இருந்த யானை பன்னி மாதிரி இருக்குன்னு சனங்க கொதிச்சு, புழக்கத்துல இருந்து திருப்பி எடுத்தாங்க. பாக்கும்போது ஓரத்தைப் பிடிங்க. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருக்கீங்கல்லா, அதை அவிழ்த்துருங்க. ரப்பர்ல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்குமாம். ரப்பர் யாவாரிகிட்டயே இதைச் சொல்றேன், கோவப்படாதீங்க. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், சில கவர்ல பச்சையாப் பிசுபிசுன்னு ஊறும். நல்ல காகிதத்துல தனித்தனியா மடிச்சு, மழை ஈரம் படாம அலமாரி மேல்தட்டுல வைங்க. சங்கு போட்ட பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசுகளையும் அப்பிடியே. பலகையில குழி குழியா அடுக்கிச் சக்கரம் எண்ணுவாங்க, 28 சக்கரம் சேர்ந்தா நம்ம திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடன்னு நீங்க சொல்லிக் குடுத்ததைக் கிழவருக்குச் சொன்னேன், நோட்டுல எழுதி வச்சுக்கிட்டார்.

விஷுவுக்கு உருளியைத் தேய்ங்க, விளக்கைத் தேய்ங்க. காசு கறுத்தபடியே இருக்கட்டும்.

ஒண்ணு மிச்சம் இருக்கு. சித்திரைத் திருநாள் ராசா தலை போட்ட செம்புச் சக்கரம் ஒண்ணு, உங்க அப்பா குடுத்தது, அதை மட்டும் நீங்க தேய்க்கவே மாட்டீங்க. பனங்கருப்பட்டி நிறத்துல இருக்கும். நான் அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது ஒரு விஷுவுக்கு முந்தின நாள் அது ரோஸ் நிறத்துல பளபளன்னு இருந்துச்சு. தம்பிதான் செஞ்சான்னு அடிச்சீங்க, மறுநாள் அவனுக்கு விஷுக் கைநீட்டக் காசும் குடுக்கல்ல. அவன் இல்ல பாட்டா. நான்தான். அது மட்டும் அழுக்கா இருக்கேன்னு புளியும் செங்கப்பொடியும் போட்டு அரைமணி நேரம் தேய்ச்சேன். செம்புக்கு நிறத்தையே தனியா எழுதுவாங்க: சிவப்பு, சிவப்புக் கலந்த பழுப்பு, பழுப்பு. பழுப்புக்கு ஒரு குறையும் இல்ல. போன நிறம் திரும்ப வராதுன்னு கிழவர் சொன்னப்பம் நான் மாடிக்கு ஏறி வந்துட்டேன்.

இந்த விஷுவுக்குத் தம்பிக்கு ரெண்டு கைநீட்டம் குடுங்க. ஒண்ணு அந்த வருசத்துக்கு. காசு அம்மாவுக்கு அனுப்பியிருக்கேன். ஏன் ரெண்டுன்னு அவன் கேட்டா இந்தக் கடுதாசியைக் காட்டுங்க.

இப்படிக்கு,
உங்கள் மூத்த பேத்தி