கடல் அட்டை விஷயமா அப்பா எழுதுவது

அன்பு மகன் அந்தோணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. நீ போனை எடுக்கலை, தொழிலுக்குப் போயிருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

தூத்துக்குடிப் பக்கம் அட்டைச் சரக்கு ஓடுதுன்னு பேச்சு. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்றேன். 2001-லயே வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துல புலி, யானை இருக்கிற முதல் அட்டவணையில கடல் அட்டையையும் சேர்த்துட்டாங்க. மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், 7 வரைக்கும் போகும். அபராதம் 25,000-க்குக் குறையாது. படகும் பறிபோயிடும். சரக்கு உன் கையில இருந்தாப் போதும், குற்றமில்லைன்னு நீதான் நிரூபிக்கணும். 'மூட்டை யாருதோ, நான் ஏத்தி மட்டும் விட்டேன்'னா நிக்காது. விலை பேசினவன் கரையோட போயிடுவான்.

அட்டையை மறைச்சுப் பதம் பண்ணிக் காயவெச்சுடலாம்னு எவனாவது சொன்னா நம்பாதே. குடலைப் பிதுக்கி, அவிச்சு, ராத்திரி முழுக்க மண்ணுல புதைச்சு, மேல இருக்கிற சுண்ணாம்பைத் தேய்ச்சுக் கழுவி, திரும்ப அவிச்சுக் காயப்போடணும். பத்து கிலோ பச்சை அட்டை காஞ்சா ஒரு கிலோ தேறாது. அந்த வாடை தெருவுக்கே சொல்லிடும்.

அக்கரையில, இலங்கையில, லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கிறாங்க, பண்ணை வெச்சு வளர்க்கிறாங்க. இங்கே 1988-லயே தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்துல வெள்ளை அட்டைக் குஞ்சு பொரிக்க வெச்சாங்க, நமக்கு அது தொழிலா வந்து சேரலை. தடையை எடுக்கச் சொல்லி நம்மாளுங்க கேக்கிறதுல நியாயம் இருக்கு. நியாயம் கேக்கிறது வேற, ராத்திரி மூட்டை ஏத்துறது வேற.

அட்டை ஆணும் பெண்ணும் தண்ணியிலதான் விந்தையும் முட்டையையும் விடும். கிட்டக்கிட்ட இருந்தாத்தான் கரு கூடும். அள்ளிட்டா, மிச்சம் கிடக்கிற ஒண்ணு ரெண்டும் மலடு மாதிரிதான். வலையில தானா ஏறினா அப்பவே கடல்ல விடு. வெயில்ல போட்டு வெச்சா குடலைக் கக்கிடும்.

சங்கு முழுக்குல உன் மூச்சு நம்ம தெருவுல எவனுக்கும் கிடையாது. அதைத்தான் அவனுங்க விலை பேசுவானுங்க. மூட்டை ஏத்தாதே தம்பி.

புது இன்ஜின் மாட்டினியாமே. பேங்க் கடன்னா பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பு. வேற காசுன்னா சனிக்கிழமை கிளம்பி வா. போன்ல எதுவும் பேச வேண்டாம்.

அப்பா