அரிசியும் பருப்பும் சாம்பார் சாதம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தில், 'கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும் அவசரத்துக்குச் செய்கிற சாம்பார் சாதம்தான்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. கீழே செய்முறையில் புளிக்கரைசல் அரை டம்ளர், சாம்பார்ப்பொடி இரண்டு ஸ்பூன். மஞ்சள் தூளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'விரும்பினால்'. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது ஈரோட்டு மஞ்சள். அந்தச் சீமையின் சோற்றில் மஞ்சளை விரும்பினால் போடுவதா? 24 வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் நான். அதனால்தான் மனசு ஆறவில்லை.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் வளர்ந்தேன். அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, சீரகம், மிளகு, பூண்டு மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுவார். சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வரமிளகாய், தக்காளி வதங்கியதும் துவரம்பருப்பு போய் அரை வேக்காடு ஆக வேண்டும். அரிசி அதற்குப் பிறகுதான். சுண்டி வரும்போது விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விட்டுவிடுவார். சட்டியின் அடியில் லேசாகக் காந்தியதைச் சுரண்டி, தயிர் விட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுப்பார். அந்த உருண்டைக்கு நானும் என் தம்பியும் போட்ட சண்டை கொஞ்சமல்ல. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரம்மா புளி கரைக்கப் போனபோது, "அதுல புளி ஊத்துனா அது வேற சோறு சாமி" என்று சொம்பைக் கையிலிருந்து வாங்கி வைத்தார். அது அவசரச் சமையல் என்றால், எங்கள் வீட்டில் அவசரம் இல்லாத நாளே இருந்திருக்காது.

மழை மறைவுப் பூமி எங்களுடையது. கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு நோம்பிக்கும் (பண்டிகைக்கும்) விருந்தாளிக்கும் என்றிருந்த காலத்தை அமுச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அருமையாகக் கிடைத்த அரிசியை மதித்துச் செய்த சோறு இது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை நான் சந்தகைக் குறிப்பு எழுதி அனுப்பினேன். 'இடியாப்பம்' என்று தலைப்பை மாற்றிப் போட்டீர்கள். இடியாப்பத்தைப் பிழிந்துவிட்டு வேக வைப்பார்கள். சந்தகைக்கு ஊறவைத்த அரிசியை ஆட்டி, இட்லியாக அவித்து, சூடு ஆறுமுன் மூன்றுகால் மிஷினில் போட்டுச் சுற்றிப் பிழிய வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? இன்னொரு இதழில் கொள்ளைக் 'குதிரைத் தீனி' என்றீர்கள். சளி பிடித்த ஒவ்வொரு முறையும் அமுச்சி எனக்கு ஊற்றிக் கொடுத்தது கொள்ளுத் தண்ணியில் வைத்த ரசம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பூரில் இப்போது 'கொங்கு விருந்து' என்று பலகை மாட்டிய ஒரு கடையிலும் இதே புளிச் சோறுதான் போடுகிறார்கள். என் பேத்தி அதைச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க செய்யறது தப்புங்க அமுச்சி, புத்தகத்துலயே போட்டிருக்கு" என்று உங்கள் பக்கத்தைக் காட்டினாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். புளியையும் சாம்பார்ப்பொடியையும் எடுத்துவிடுங்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.