கரையை வெட்டுகிற கட்டி

பாஸ்டன், ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வாசலில் முழங்கால் அளவு பனி. ஹீட்டர் ஓடியும் தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கிறது. பிரேசில்காரர் கடையில் தோல் சீவி உறையவைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, சாளைக்குத்தான் வழியில்லை.

எனக்கு அங்கே என்ன வேலை என்று மைனி கேட்டார்களாம். இரத்தக் குழாய் எண்ணுகிறேன். சிரிக்காதீர்கள். கர்ப்பப்பையில் அபூர்வமாக வரும் புற்றுக் கட்டிகளை மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள். குழாய்ச் சுவர் மட்டும் பழுப்பாகத் தெரியும். அவை எங்கே நெருங்கிக் கிடக்கின்றனவோ அங்கே எண்ணிக் குறிக்க வேண்டும்.

பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தும் நம் கடைமடை வயல் காய்ந்ததே, நினைவிருக்கிறதா? மேலே யாரோ ராத்திரியில் கால்வாய்க் கரையை வெட்டியிருந்தான். கட்டியும் அப்படித்தான். தனக்கென்று குழாய் இல்லாதவரை அது ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. மூச்சு முட்டியதும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்துக் குழாய் கிளைவிட்டு அதை நோக்கி வளரும். அவசரத்தில் வெட்டிய வாய்க்கால்தானே, கோணலாக ஓடிக் கசியும். 1971இல் இந்த ஊர் மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை.

உடைப்பை அடைத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கர்ப்பப்பைத் தசையில் வரும் சார்க்கோமா என்ற புற்றுக்குக் கீமோவோடு, அந்த வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில் கூடுதல் பலன் இல்லை. சில வகைச் சார்க்கோமாக்களுக்கென 2012இல் அனுமதி பெற்ற, இதே வழியை அடைக்கும் பசோபனிப் மாத்திரை நோயைச் சில மாதங்கள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அடைத்த இடத்தை விட்டு வேறிடத்தில் வெட்டுகிறவனை அப்பாவுக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து உங்களுக்கு இரண்டு தடவை உதிரம் பட்டதாக மைனி சொன்னார்கள். சூடு என்று இளநீர் குடிக்கிறீர்களாம். பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். ஆனாலும் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நாகர்கோவிலுக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். உள்ளே துளி சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். கும்பப்பூ அறுப்பு முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை போன் செய்வேன். முதலில் மைனியிடம்தான் கேட்பேன்.

உங்கள் மகள்