மல்லிகாவுக்கு, பிரேசில் ஜெயித்த கதை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது பேப்பரை அவளே படிக்கிறாள். எனக்கு முழங்கால் வலிதான், மாடி ஏறினால் தெரிகிறது. மற்றபடி சௌக்கியம்.

உங்கள் பள்ளியில் பெண்களுக்கு, கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு ஒரு அணி தொடங்குகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதில் ஒருத்தி உன்னிடம் கேட்டாளாமே, "ஐரோப்பாக்காரங்களத் தவிர வேற யாராவது இதுல உலக சாம்பியன் ஆயிருக்காங்களா டீச்சர்?" என்று. நல்ல கேள்வி. ஆகியிருக்கிறார்கள் என்று சொல். பெண்கள் உலகக் கோப்பை 1957ல் யூகோஸ்லாவியாவில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டே இரண்டு நாடுகள். 1995ல் தென் கொரியா, 2013ல் பிரேசில். ஆண்கள் பக்கம் அதுகூட இல்லை, இதுவரை ஐரோப்பா மட்டும்தான்.

கொரியா ஜெயித்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை. 1988, 1992 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய அணி அது. பிரேசில் கதை வேறு. அதைத்தான் உன் பிள்ளைகளுக்கு நீ விவரமாகச் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் பள்ளிக்கூடங்களில் ஹேண்ட்பால் நிறைய ஆடுவார்கள். ஆனால் பள்ளியைத் தாண்டினால் பணமும் கூட்டமும் கால்பந்துக்கும் வாலிபாலுக்கும்தான். நன்றாக ஆடுகிற பெண்ணுக்குப் பிழைப்பு வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு கிளப்பில் ஆடிவிட்டு, போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றுகூடிப் பயிற்சி எடுத்தால் அணி எப்படி அமையும்? மோர்ட்டன் சோபாக் என்ற டென்மார்க்காரர்தான் அப்போது பயிற்சியாளர். பிரேசில் சம்மேளனம் 2011ல் ஒரு காரியம் செய்தது. வியன்னா பக்கத்தில் இருக்கும் ஹைப்போ என்ற ஆஸ்திரிய கிளப்போடு ஒப்பந்தம் போட்டு, தேசிய அணி வீராங்கனைகள் பலரை அந்த ஒரே கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வருஷம் முழுக்க ஒரே ஊரில் இருந்தார்கள், ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள், ஐரோப்பியக் கிளப்புகளோடு வாராவாரம் மோதினார்கள். 2013ல் அந்தக் கிளப் ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் ஜெயித்தது.

இந்த ஏற்பாட்டை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். ஹேண்ட்பாலில் ஒருத்தி எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காலடிதான் வைக்கலாம், மூன்று விநாடிதான் பிடித்திருக்கலாம். அதற்குள் பக்கத்தில் இருப்பவள் எங்கே ஓடுவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். தடுப்பாட்டத்தில், கோலைச் சுற்றியிருக்கும் ஆறு மீட்டர் கோட்டில் ஆறு பேர் தோளோடு தோள் நிற்கும்போது, ஒருத்தி முன்னே போனால் அந்த இடைவெளியை அடுத்தவள் கேட்காமலே அடைக்க வேண்டும். இது கூடவே வாழ்ந்தால்தான் வரும்.

ஒப்பந்தம் போட்டதும் கோப்பை வந்துவிடவில்லை. 2011 உலகக் கோப்பை அவர்கள் நாட்டிலேயே நடந்தது. காலிறுதியில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். காலிறுதியில் எதிரே வந்தது நார்வே. பிரேசில் முன்னிலையில் இருந்தும் கடைசியில் 21-19 என்று நார்வே ஜெயித்தது, பிறகு தங்கமும் அதற்கே போனது.

அதே 2012 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. டானி பியெடாடே என்று அவர்களுடைய பிவட். ஸ்லோவேனியாவில் கிரிம் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு மேட்சுக்கு வார்ம்-அப் செய்யும்போது பக்கவாதம் வந்துவிட்டது. முப்பது வயதுகளில் இருந்த பெண், மல்லிகா. எதிரணியின் தடுப்புக்கு நடுவே முதுகைக் காட்டி நின்று, இடிபட்டு, இழுபட்டு, பந்து வந்ததும் திரும்பி அடிக்கிற இடம் பிவட் இடம். பக்கவாதம் வந்த ஒருத்தி மறுபடி அந்த இடத்துக்கு வருவாள் என்று யார் நினைப்பார்கள்? வந்தாள். 2013 டிசம்பரில் செர்பியா போன அணியில் அவளும் இருந்தாள்.

செர்பியாவில் முதல் சுற்று நிஷ் நகரில். ஐந்து ஆட்டமும் ஜெயித்தார்கள், டென்மார்க்கையும் போட்டியை நடத்திய செர்பியாவையும் சேர்த்து. அடுத்த சுற்றில் நெதர்லாந்து. அதற்கடுத்து காலிறுதி, ஹங்கேரியோடு. என்னைக் கேட்டால் கோப்பை முடிவானது இந்த ஆட்டத்தில்தான். அறுபது நிமிஷம் முடிந்தபோது சமம். கூடுதல் நேரம் பத்து நிமிஷம், அப்போதும் சமம். மறுபடி பத்து நிமிஷம். அந்த நேரத்தில் கால் கனக்கும், எறிகிற கை தோளுக்கு மேல் எழும்பாது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 33-31 என்று பிரேசில் ஜெயித்தது. இரண்டு வருஷமாகக் காலிறுதியிலேயே நின்றுபோன அணி, எண்பது நிமிஷம் ஆடி அதைத் தாண்டியது. அரையிறுதியில் டென்மார்க்கை 27-21 என்று வென்றது அதற்கு அப்புறம் லேசாகத்தான் இருந்திருக்கும்.

டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, பெல்கிரேடில் இறுதி ஆட்டம். மறுபடி செர்பியா. காலிறுதியில் நார்வேயையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த அணி. அரங்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர், கிட்டத்தட்ட எல்லோருமே செர்பியாவுக்குக் கத்துகிறவர்கள். பெண்கள் ஹேண்ட்பாலுக்கு அவ்வளவு கூட்டமா என்று இப்போது வீடியோவில் பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இடைவேளையில் பிரேசில் இரண்டு கோல் முன்னே. கடைசி நிமிஷங்களில் 20-20 என்று சமம். முடிவு 22-20. ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. தென் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் கோப்பை.

சிறந்த ஆட்டக்காரி விருது டூடா அமோரிமுக்கு. அவள் ஹைப்போவில் இருந்தவள் அல்ல, ஹங்கேரியில் க்யோர் கிளப்பில் ஆடியவள். இடது பக்கம் அவள் எழும்பி அடிக்கும் ஜம்ப் ஷாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவள் தடுப்பாட்டத்தைப் பார் என்பேன் நான். சிறந்த கோல்கீப்பர் பாபி என்று கூப்பிடப்படும் பார்பரா அரென்ஹார்ட். நானும் கோலில் நின்றவள் என்பதால் இவள் பக்கம் சாய்வது உனக்குத் தெரியும். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே அடிக்கிறவளின் இடுப்பைப் பார்த்து நகர்கிறாள். ஆறு மீட்டரிலிருந்து வருகிற பந்தைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க நேரமே கிடையாது.

அதன் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடு. 2015 உலகக் கோப்பையில் காலிறுதிக்கு முன்பே ருமேனியாவிடம் தோற்றார்கள். 2016ல் ரியோ ஒலிம்பிக், சொந்த மண், காலிறுதியில் நெதர்லாந்திடம் தோல்வி. சோபாக் போய்விட்டார். இன்றும் அங்கே நன்றாக ஆடுகிற பெண்கள் பிழைப்புக்கு ஐரோப்பாவுக்குத்தான் கிளம்புகிறார்கள். உலகக் கோப்பையை ஜெயித்த நாட்டில்கூட ஒரு நல்ல லீக் வேரூன்றவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. அந்தப் பெண்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டார்கள், மீதி அவர்கள் கையில் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். முதல் வருஷம் மாவட்டப் போட்டியில் தோற்றால் உங்கள் ஹெச்.எம். அணியைக் கலைக்கப் பார்ப்பார். விடாதே. பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவார்கள், அந்த அம்மாக்களிடம் இப்போதே பேசி வை. இந்தப் பன்னிரண்டு பேரும் மூன்று வருஷம் பிரியாமல் ஆடட்டும், அப்புறம் பார்.

பந்து வாங்கும்போது கவனம். 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சின்னப் பந்து, 50 முதல் 52 செ.மீ. சுற்றளவு உள்ளது. பெரியவர்கள் ஆடும் பந்தைக் கொடுத்தால் பிடி கிடைக்காமல் மணிக்கட்டைத் திருப்பி எறியப் பழகிவிடுவார்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். நான் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

கோலில் யாரை நிறுத்தப் போகிறாய் என்று எழுது. உயரமானவளைத் தேடாதே, பந்துக்குக் கண்ணை மூடாதவளாகப் பார். பொங்கல் லீவுக்கு வருகிறேன், அவளை என்னிடம் விடு.

அன்புடன்,
சாந்தி