மன்ற ஆண்டறிக்கை 2024-25: ஸ்க்ரீனை மூடிட்டு பாட்டு கேட்ட வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அய்யா, பொருளாளர் அக்கா, ஆரம்பத்துலேர்ந்து கூட இருக்கற மூத்த உறுப்பினர்கள், இந்த வருஷம் புதுசா சேந்த பின் தெரு தம்பி தங்கச்சிங்க எல்லார் முன்னாடியும் செயலாளர்ங்கற முறையில இந்த அறிக்கையை வைக்கிறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஏன்னா இந்த வருஷம் நாம பேசினது நெறைய, மினிட்ஸ் நோட்டுல இடம் பத்தாம பின்னட்டை வரைக்கும் எழுதியிருக்கேன்.

போன பொதுக்குழுவுல முடிவு பண்ண மாதிரியே மாசம் ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் தலைவர் வீட்டு மொட்டை மாடியில கூடினோம். விஜய் டிவி சூப்பர் சிங்கர் பாட்டுப் போட்டியோட பழைய சீசனை ஒவ்வொண்ணா எடுத்து யார் எப்படி பாடினாங்க, ஜெயிச்சவங்க ஜெயிச்சது சரியான்னு பேசறதுதான் வேலை. மழையில ஐப்பசி கூட்டம் மட்டும் நடக்கல, மத்ததெல்லாம் நடந்துச்சு. முதல் கூட்டத்துலயே பொருளாளர் அக்கா ஒரு யோசனை சொன்னாங்க, படத்தை பாக்காம குரலை மட்டும் ஸ்பீக்கர்ல போட்டு கேப்போம், யார் பாடறாங்கன்னு பேரும் சொல்ல வேணாம், கேட்டு முடிச்சு அவங்கவங்க அபிப்ராயத்தை சீட்டுல எழுதின பிறகு படத்தோட பாப்போம்னு. இந்த வருஷத்தோட மொத்த பேச்சையும் மாத்தினது அந்த ஒரு யோசனைதான், அதுக்காக அக்காவுக்கு மன்றத்தோட நன்றியை இங்கயே பதிவு பண்றேன்.

ஏன்னா டிவியில ஒரு பாட்டு தனியா வர்றதே இல்ல. பாட்டுக்கு முன்னாடி அவங்க வீட்டை காட்டுவாங்க, அம்மா அழறத காட்டுவாங்க, பின்னாடி வயலின் ஓடும், பாடும்போதே நடுவர் முகத்துக்கு கட் பண்ணுவாங்க, கூட வந்தவங்க கண்ணைத் தொடைக்கறத காட்டுவாங்க. அதுக்குள்ள நம்ம மனசு முடிவு பண்ணிடுது, காது அதுக்கப்புறம்தான் வேலை செய்யுது. கஷ்டத்துலேர்ந்து வந்தவங்கள காட்டக்கூடாதுன்னு நான் சொல்லல, அது வேணும், திருவாரூர் பக்கத்து கிராமத்துலேர்ந்து வந்து 2017ல குழந்தைங்களுக்கான சூப்பர் சிங்கர் ஜூனியர் ஜெயிச்ச ப்ரித்திகாவ பாத்து எத்தன கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு தைரியம் வந்திருக்கும். ஆனா ப்ரித்திகாவோட பாட்டை அந்தக் கதை இல்லாம கேட்டாலும் நம்ம மாடியில அத்தனை பேரும் நல்ல மார்க்தான் போட்டாங்க. அந்தக் குரலுக்கு கதை தேவையே படல, இதத்தான் நான் சொல்ல வர்றேன்.

இப்ப நாம ரொம்ப நேரம் சண்டை போட்ட விஷயத்துக்கு வர்றேன். 2011ல முடிஞ்ச மூணாவது சீசன். சாய்சரண், சந்தோஷ், சத்யபிரகாஷ், பூஜா நாலு பேரும் பைனல், டைட்டில் சாய்சரணுக்கு போச்சு. சாய்சரண குறைச்சு சொல்ல எனக்கு மனசு வராது, அவர் மேடை ஏறினா உக்காந்திருக்கறவங்களும் எழுந்து நிப்பாங்க, அந்த துள்ளல் எல்லாருக்கும் வராது. ஆனா ஸ்க்ரீனை மூடிட்டு கேட்டப்ப சீட்டுல அதிக மார்க் வந்தது சத்யபிரகாஷ் குரலுக்கு, அடுத்தது பூஜா குரலுக்கு. சத்யபிரகாஷ் மேல் ஸ்தாயிக்கு போகும்போது குரல் மெலியறதும் இல்ல கத்தலா மாறறதும் இல்ல, ஸங்கதி, அதாவது ஒரே வரிய சின்னச் சின்ன மாத்தத்தோட பாடறது, அது போடற இடத்துல அவசரம் கிடையாது, பல்லவிக்கு திரும்பி வரும்போது சுருதி கொஞ்சம் கூட நகந்திருக்காது. 2016ல அச்சம் என்பது மடமையடா படத்துல ராசாளி பாட்டு வந்துச்சு, ரஹ்மான் இசை, ஷாஷா திருப்பதியோட சேந்து பாடினது இதே சத்யபிரகாஷ்தான். அடுத்த வருஷம் மெர்சல்ல ஆளப்போறான் தமிழன், அதுல கைலாஷ் கேர், தீபக் கூட சத்யபிரகாஷும் இருக்கார் பூஜாவும் இருக்காங்க. டைட்டில் கிடைக்காத ரெண்டு பேர் ஒரே பாட்டுல, அதுவும் ஊரே பாடின பாட்டுல. அத போட்டுக் காட்டினப்ப மாடியில கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல, அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க.

ஜூனியர் மூணாவது சீசனும் இதே மாதிரிதான், 2012ல ஆஜித் ஜெயிச்சான், ப்ரகதி ரெண்டாவது. அந்த வயசுல ஆஜித்தோட தெம்பு நிஜமாவே பெரிய விஷயம், ஆனா அமெரிக்காவுல வளந்த பொண்ணு தமிழ் உச்சரிப்ப அவ்வளவு சுத்தமா வெச்சு, பாட்டுக்குள்ள அழுத்தத்த எங்க கொடுக்கணும் எங்க விடணும்னு தெரிஞ்சு பாடினத இன்னொரு தடவ கேளுங்க. மறுவருஷமே பரதேசி படத்துல ஓர் மிருகம் பாடிட்டாங்க.

செந்தில் கணேஷ் விஷயத்துக்கு ரெண்டு கூட்டம் போச்சு, அது தப்பில்ல, அவ்வளவு பேச இருந்துச்சு. 2018, ஆறாவது சீசன், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், நாட்டுப்புறப் பாட்டு பாடி டைட்டில் வாங்கினார், ரக்ஷிதா சுரேஷ் ரெண்டாவது. நம்ம மூத்த உறுப்பினர் வாத்தியார் அய்யா சொன்னது, ரக்ஷிதா எந்த வகை பாட்டு கொடுத்தாலும் பாடினாங்க, இவர் ஒரே வகைதான பாடினார், எப்படி சமமாகும்னு. நியாயமான கேள்விதான், பதிவு பண்ணிக்கறேன். என் பதில் என்னன்னா, சீசன் முழுக்க மெலடி மட்டுமே பாடி பைனல் வரைக்கும் போனவங்கள யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்ல. தெம்மாங்கு பாடறவருகிட்ட மட்டும் ஏன் வெரைட்டி கேக்கறோம்? ஊர்த் திருவிழாவுல விடிய விடிய நின்னு பாடற தொண்டை அது, மைக் சரியில்லாட்டியும் கடைசி வரிசைக்கு வார்த்தை தெளிவா போய் சேரணும், ஒத்த வரியில சிரிக்க வெச்சு அடுத்த வரியில அழ வெக்கணும். அதுக்கும் மூச்சுப் பயிற்சி வேணும், தாளம் உள்ள ஊறியிருக்கணும். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் சேந்து பாடின சின்ன மச்சான் அதுக்கப்புறம் சார்லி சாப்ளின் 2 படத்துல வந்து எந்த அளவுக்கு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதே நேரத்துல ரக்ஷிதா பாடின சொல் பாட்டையும் கேட்டோம், பொன்னியின் செல்வன் முதல் பாகம், 2022. எவ்வளவு மென்மையா தொடங்கி எவ்வளவு நிதானமா விரியுது. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெச்சதுதான் பிரச்சனை, ரெண்டு பேர்ல ஒருத்தர கீழ இறக்கி இன்னொருத்தர ஏத்த வேண்டியதில்லன்னு நான் அழுத்திச் சொல்றேன். வாத்தியார் அய்யா இன்னும் ஒத்துக்கல.

இந்த இடத்துல இன்னொன்னு சொல்லியே ஆகணும், இத கண்டுபிடிச்சது புதுசா சேந்த தங்கச்சிதான். பெரியவங்களுக்கான சூப்பர் சிங்கர் 2006ல ஆரம்பிச்சுது. நிகில் மேத்யூ, அஜீஷ், சாய்சரண், திவாகர், ஆனந்த் அரவிந்தாக்ஷன், செந்தில் கணேஷ், மூக்குத்தி முருகன், ஸ்ரீதர் சேனா, எட்டு சீசன் எட்டும் ஆம்பளைங்க. 2023ல அருணா ஜெயிச்சப்பதான் முதல் தடவையா ஒரு பொண்ணு பேர் அந்த வரிசையில வந்துச்சு. ஜூனியர்ல பாத்தா அல்கா அஜித், ஸ்பூர்த்தி, ப்ரித்திகான்னு பொண்ணுங்க ஜெயிச்சுட்டே இருக்காங்க. அப்ப சின்ன வயசுல நல்லா பாடற பொண்ணுங்களுக்கு வளந்ததும் பாட்டு மறந்தா போச்சு? ஓட்டு போடறவங்க நாமதான, நம்ம வீட்டு போன்லேர்ந்துதான போகுது. குழந்தைன்னா பொண்ணுக்கு மனசார போடறோம், இருபது வயசு ஆயிட்டா அவ டிரெஸ்ஸு, பேசற விதம், திமிரா இருக்காளா அடக்கமா இருக்காளான்னு பாக்க ஆரம்பிச்சிடறோம், பையனுக்கு அந்தக் கேள்வியே வர்றதில்ல. எங்க மாடியில பேர் தெரியாம எழுதின சீட்டுல பொண்ணுங்களுக்கு மார்க் குறையல. இதுக்கு மேல நான் விளக்கணுமா தெரியல.

அஞ்சாவது சீசன்ல ஆனந்த் ஏற்கெனவே சினிமாவுல பாடினவர்னு வந்த சர்ச்சைய சுருக்கமா பேசி முடிச்சோம். குரல்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ரூலை மட்டும் முதல் நாளே பாக்கறவங்களுக்கும் தெளிவா சொல்லிடணும், அவ்வளவுதான் மன்றத்தோட கருத்து. திவாகர் பத்தி எல்லாரும் ஒரே கருத்துங்கறதால அதுவும் சீக்கிரம் முடிஞ்சுது, அந்த உழைப்பும் குரல்ல இருக்கற நெருப்பும் யாருக்குத்தான் பிடிக்காது.

ஈழத்துக் குழந்தைங்கள பத்தின கூட்டத்துக்குத்தான் அதிகமா ஆள் வந்தாங்க. 2015ல கனடாவுலேர்ந்து வந்த ஜெசிக்கா பைனல்ல விடை கொடு எங்கள் நாடே பாடினத ஸ்க்ரீனை மூடிட்டுதான் முதல்ல கேட்டோம். குழந்தைக் குரல்தான், ஆனா எந்த இடத்துலயும் அழுகைய வரவழைக்க முயற்சி பண்ணல, வார்த்தைய வார்த்தையா விட்டுட்டுது, அதனாலதான் கேக்கறவங்களுக்கு தாங்கல. ரெண்டாவது பரிசா கிடைச்ச தங்கத்த ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு குடுத்ததையும் நினைவுபடுத்திக்கிட்டோம். ஜீ தமிழ் சரிகமபல 2023 டிசம்பர்ல யாழ்ப்பாணத்து கில்மிஷா டைட்டில் ஜெயிச்சதையும், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துலேர்ந்து வந்த அசானியையும் அதே கூட்டத்துல பேசினோம். அசானி குரல்ல இருக்கற கனம் எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்ப பிடிக்கும், இன்னும் நெறைய வாய்ப்பு வரணும்.

நடுவர்கள் பத்தி ஒரு வார்த்தை. ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் இருந்த சீசன்ல தப்ப எங்கன்னு காட்டினாங்க, குரல் பயிற்சி குடுத்த ஆனந்த் வைத்தியநாதன் மூச்ச எப்படி வாங்கணும் குரல எங்கேர்ந்து எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தத கேட்டு வீட்டுல இருந்த நாமளும் பாட்ட கேக்கக் கத்துக்கிட்டோம். அது இப்ப குறைஞ்சுட்டு வருது, எல்லாருக்கும் எழுந்து நின்னு கை தட்டினா பாடற பிள்ளைக்கு என்ன திருத்தணும்னு எப்படி தெரியும். சித்ரா அம்மா குழந்தைங்ககிட்ட குறைய சொல்ற விதத்த பாருங்க, கோபமே இல்லாம, ஆனா விடாம சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது அதுதான்.

வரவு செலவு கணக்கை பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க, ஸ்பீக்கர் ரிப்பேர் செலவு கொஞ்சம் கூடிடுச்சு, மத்தபடி கையிருப்பு இருக்கு. மாடி குடுத்து மாசா மாசம் டீயும் சுண்டலும் குடுத்த தலைவர் வீட்டம்மாவுக்கு நன்றி.

வர்ற பொங்கலுக்கு நம்ம தெருவுல நடத்தற பாட்டுப் போட்டிக்கு செயற்குழு சார்பா மூணு தீர்மானம் வைக்கிறேன். முதல் சுத்துல பாடறவங்க திரைக்குப் பின்னாடி நின்னு பாடணும், நடுவருக்கு நம்பர் மட்டும்தான் தெரியணும். பத்து வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்கு முதல் ரெண்டாம் பரிசு கிடையாது, பாடின எல்லாருக்கும் ஒரே மாதிரி புத்தகம், கூடவே எத திருத்திக்கணும்னு நடுவர் கைப்பட எழுதின ஒரு சீட்டு. நாட்டுப்புறப் பாட்டு பாடறவங்கள சினிமாப் பாட்டுக்காரங்களோட சேத்து மார்க் போடாம அதுக்குன்னு தனிப் பிரிவு, அதுக்கு நடுவரா தெம்மாங்கு தெரிஞ்சவரதான் கூப்பிடணும். கடைசி தீர்மானத்துல வாத்தியார் அய்யாவுக்கு ஆட்சேபணை இருக்குன்னு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கார், அதையும் இதோட வெச்சிருக்கேன், அவர் பேசி முடிச்ச பிறகு ஓட்டெடுப்பு எடுக்கணும்னு தலைவர் அய்யாவ கேட்டுக்கறேன்.