இழுக்கிற கொக்கி எது, கட்டுகிற வளையம் எது?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும் விற்பனைத் துறையினருக்கும்,

வணக்கம்.

உங்கள் வண்டிகளில் ஒன்றை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். உங்களில் யாருடையது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் ‘நாம் இல்லையப்பா’ என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

போன மாதம், மழை விட்ட மறுநாள், ஒரு களிமண் பாதையில் என் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃப் லாக்கைப் போட்டுப் பார்த்தேன். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். முக்கால் மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து மண்ணை வாரினோம். அசையவில்லை. கூட வந்த நண்பர் தன் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். இழுத்தால் நீளும் நைலான் பட்டையை எடுத்தோம். பட்டை 8 டன் தாங்கும். அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவியில் 4.75 டன் என்று பொறித்திருக்கிறது. அறுந்தால் வேகம் தணியட்டும் என்று பட்டையின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டோம். வண்டியில் இருந்தவர்களை எல்லாம் இறக்கி, பக்கவாட்டில் தூரமாக நிற்க வைத்தோம். கற்றுக்கொண்டதில் ஒன்றையும் விடவில்லை. பட்டையை மாட்டிய இடம் மட்டும் உங்களுடையது: முன்பம்பருக்குக் கீழே, விரல் தடிமனில் வளைத்து வைத்த ஒரு கம்பி வளையம்.

இரண்டாவது இழுப்பில் அது பிய்ந்தது. பிய்ந்ததை நாங்கள் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. வளையமும் ஷேக்கிளும் சேர்ந்து நண்பர் வண்டியின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய், பின்சீட்டின் தலைசாய்வில் குத்தி நின்றன. வழக்கமாக அவருடைய மகள் உட்காரும் இடம். அவள் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும் வழி முழுக்க யாரும் பேசவில்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். “அது இழுக்கிறதுக்கு இல்லை சார். கப்பல்லயும் டிரக்லயும் ஏத்தும்போது கட்டறதுக்கு” என்றார்கள். சரி, இழுப்பதற்கு எது? கையேட்டைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். டூல் பையில் ஒரு திருகுக் கொக்கி இருக்கிறதாம். பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி அதைத் திருக வேண்டுமாம். கெட்டியான தரையில், நேர்க்கோட்டில், மெதுவாக இழுக்க மட்டுமாம். சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியை மீட்கப் பயன்படுத்தக் கூடாதாம். சேற்றுக்கென்று விற்ற வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்க வழி என்ன என்று கையேடு முழுக்கத் தேடினேன். இல்லை.

யானையை விற்றுவிட்டு அங்குசத்தை ஏன் மறந்தீர்கள் என்றுதான் கேட்க வருகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் போட்டு விற்கும் ஒவ்வொரு வண்டியிலும், சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, நேராகப் பிணைத்த மீட்புக் கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று இருக்க வேண்டும். எத்தனை டன் தாங்கும் என்பது அந்த இரும்பிலேயே பொறித்திருக்க வேண்டும். கட்டுவதற்கு மட்டும் உள்ள வளையத்தில் ‘இழுக்காதே’ என்று பொறித்திருக்க வேண்டும்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. சக்கரம் முழுக்கப் புதைந்தால், இழுக்க வேண்டிய விசை வண்டியின் எடை அளவுக்கே போகும் என்றுதான் மீட்புப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். அதற்கு மேலே புதைந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. நீளும் பட்டை வேறு, இழுக்கும் வண்டியின் வேகத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. பிய்வது எதுவோ, அத்தனையும் அதன் மேல் ஏறிப் பறக்கிறது. ட்ரெய்லர் மாட்டும் டோ பாலில் பட்டையைப் போட்டு இழுத்து, அது பிய்ந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதல் எச்சரிக்கை அதுதான். ஆனால் சரியான கொக்கி இல்லாத வண்டியில் சிக்கியவன், இருட்டப் போகிற நேரத்தில், கண்ணில் படுகிற எதிலும் மாட்டத்தான் செய்வான்.

சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று வெளியே இரண்டு கொக்கி வாங்கினேன். ஒவ்வொன்றும் சேஸிஸில் கனமான போல்ட்டுகளால் உட்கார்கிறது, தாங்கும் எடை பொறித்திருக்கிறது, தயாரித்தவர் சோதனைச் சான்றும் கொடுக்கிறார். மாட்டுவதற்குப் பம்பரின் கீழ் விளிம்பை ஒரு சாண் வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த சர்வீஸில் உங்கள் ஆள் அதைப் பார்த்துவிட்டு, “ஏர்பேக் சென்சார் பக்கத்தில் கை வைத்திருக்கிறீர்கள், வாரன்ட்டி பற்றி மேலிடத்தில் கேட்க வேண்டும்” என்றார். நீங்களும் வைக்க மாட்டீர்கள், நான் வைத்தாலும் குற்றம்.

உங்களில் சிலர் விலை உயர்ந்த மாடல்களில் சிவப்புப் பெயின்ட் அடித்த கொக்கி வைக்கிறீர்கள். நன்றி. மலிவான மாடலுக்குச் சேறு கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்று நினைப்போ?

இந்த இடத்தில் கோபம் கொஞ்சம் பக்கத்துக்கும் போகிறது, மன்னிக்கவும். விளம்பரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஆற்றைத் தாண்டுகிறது வண்டி. கூரையில் கூடாரம், முன்னால் இரும்புப் பம்பரும், கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும், உள்ளே ஐந்து சிரித்த முகங்கள். அந்தப் படத்தை எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கு 75 கிலோ வைத்தால் ஐந்து பேர் 375. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 100-ஐத் தொடும். கூடாரம் 60. குடிதண்ணீர் 60 லிட்டர் என்றால் இன்னொரு 60. ஆறு நூறை நெருங்கிவிட்டது. இரண்டாவது பேட்டரியும் ஃபிரிட்ஜும் இன்னும் ஏறவில்லை. வண்டி சுமக்கக்கூடியது எத்தனை கிலோ என்பதோ கையேட்டின் கடைசிப் பக்கங்களில் எறும்பு எழுத்தில். ஸ்பிரிங்கை மாற்றினால் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் பழையதே என்று வாங்குபவனுக்கு யார் சொல்வது? ஸ்டெப்னியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாத ஒல்லிச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, பெயருக்கு முன்னால் ‘அட்வெஞ்சர்’ என்று ஒட்டுகிறீர்கள். கதவோரம் 64 நிறத்தில் விளக்கு எரிகிறது. அடியில் படுத்து மண் வாரும்போது அது நிஜமாகவே அழகாக இருந்தது.

இதெல்லாம் இன்னொரு மடலுக்கு இருக்கட்டும். இன்றைக்குக் கொக்கி மட்டும் போதும்.

பம்பர் வடிவம் கெடும், விபத்தில் நொறுங்க வேண்டிய பகுதி நொறுங்காமல் போகும் என்று உங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடும். நியாயமான கவலைதான். அதனால்தான் அதை நான் ஒரு பட்டறையில் கட்டிங் மெஷினை வைத்துக்கொண்டு செய்யாமல், நீங்கள் தொழிற்சாலையில், மோதல் சோதனையோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்கிறேன். புது மாடலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், அதுவரை பழைய வண்டிகளுக்குப் பொருந்தும் கொக்கிகளை நீங்களே அங்கீகரித்து, வாரன்ட்டி போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அதையும் முடியாதென்றால், அந்தக் கம்பி வளையத்தின் மேல் ‘இழுக்காதே’ என்று ஒரு வார்த்தையாவது பொறியுங்கள். தயவுசெய்து.

பிய்ந்து வந்த வளையத்தை ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் சோதனைக்கூடத்துக்குத் தேவைப்பட்டால் அனுப்பிவைக்கிறேன். திருப்பித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்