டெல்டாவுக்கு ரை வேண்டாம். தக்கைப்பூண்டை நாளறிந்து மடக்கினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில், அமெரிக்க உழவர்கள் குளிர்காலத்தில் 'ரை' என்ற தானியப் பயிரை விதைத்து மண்ணை மூடி வைக்கும் முறை பற்றிய கட்டுரையைப் படித்தோம். அந்த ஊர்ச் செய்தி சரியாகவே இருந்தது. ஆனால் காவிரிப் படுகையிலும் ரை விதைத்துப் பார்க்கலாம் என்று முடித்திருந்தது பொருந்தாது. அதை நம்பி யாராவது விதைக்குச் செலவழிக்கும் முன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

ரை புல்லினத்தைச் சேர்ந்தது. அயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் மக்காச்சோளத்தை அறுத்ததும், அக்டோபர் வாக்கில் அதை விதைக்கிறார்கள். உறைபனி மாதங்களைத் தாங்கி நின்று வசந்தத்தில் எழும்பும். மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டை உறிஞ்சி, அது வடிகால் வழியே மிசிசிப்பி ஆற்றுக்குப் போகாமல் தடுப்பதுதான் அங்கே அதற்குள்ள முதல் வேலை. ரை காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துத் தருவதில்லை. குளிர்கால ரை கதிர் விடுவதற்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். தை மாதத்திலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் தஞ்சையில் அது புல்லாகக் கிடந்து காய்ந்துபோகும். நமக்கு வேண்டியது கோடையின் வெயிலையும் ஆனியில் தேங்கும் நீரையும் தாங்குகிற, வேரில் முடிச்சு வைக்கிற பயறு வகை. அது தக்கைப்பூண்டு; பச்சையாகவே மடக்கி, அதாவது சேற்றோடு உழுது, உரமாக்குகிற பசுந்தாள் பயிர்.

ஆனாலும் ரை வளர்ப்போரிடம் நாம் படிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மூடுபயிரை எந்த நாளில் முடிக்க வேண்டும் என்பதில் அவர்கள் கறாராக இருப்பார்கள். இலைப் பருவ ரையில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 26-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். பூக்கும்போது அது 37-க்கு 1 ஆகும். முற்றிய வைக்கோலில் 80-ஐத் தாண்டிவிடும். விகிதம் ஏற ஏற, அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தமக்கென இழுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளுக்கும். ஆகவே மக்காச்சோளம் விதைப்பதற்கு 10 முதல் 14 நாள் முன்பே ரையை அழித்துவிடுகிறார்கள். சோயாவுக்குத் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளத் தெரியும் என்பதால் அதற்கு மட்டும் கெடுவைத் தளர்த்துகிறார்கள். நம் பக்கம் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் குறைவு. இலவசமாகவோ பாதி விலையிலோ விதை வந்தது, தெளித்தோம், ஆள் உயரம் வளர்ந்தது, ஒருநாள் டிராக்டர் கிடைத்தபோது மடக்கினோம் என்று முடிகிறது. பயிர் உயரமாக நின்றால் உரம் அதிகம் என்ற எண்ணம்தான் இதில் பெரிய தவறு.

தக்கைப்பூண்டை விதைத்த 45-ஆம் நாளை ஒட்டி, பூ மொட்டு எட்டிப்பார்க்கும் தருணத்தில் மடக்க வேண்டும். காலண்டர் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். இடுப்பு உயரத்தில் தண்டைப் பிடித்து வளைத்தால் 'சடக்'கென்று முறிய வேண்டும். வளைந்து, பட்டை மட்டும் நாராகக் கிழிந்து தொங்கினால் காலம் தாழ்ந்துவிட்டது. ஒரு செடியை மண்ணோடு தோண்டி வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ மாறியிருந்தால் அது ஓய்ந்துவிட்டது. இனி நிற்கும் நாளில் ஏறுவது பெரும்பாலும் விறகுதான். 60 நாளைத் தாண்டிய தண்டு ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) கத்தியில் சுற்றிக்கொள்ளும், வாடகை மணி கூடும், மக்காத குச்சி நடவாள் காலில் குத்தும்.

விதைப்பு சுலபம். ஏக்கருக்கு 20 கிலோ. விதைக்காக வளர்ப்பதென்றால் 8 கிலோ போதும். உரத்துக்கு நெருக்கமாக விதைப்பது தண்டு தடிக்காமல் இலை மிகுந்து வருவதற்காகத்தான். வாங்கிய விதையில் நூறை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். நான்கைந்து நாளில் 80-க்குக் குறைவாக முளைத்தால் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஊறவைத்து, வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து நிழலில் உலர்த்தி, ஈரமுள்ள புழுதியில் தெளித்து, கல்டிவேட்டரை மேலாக ஒரு சால் ஓட்டினால் ஆயிற்று. ஆழமாகப் புதைந்த விதை மேலே வராது. மழை இல்லாவிட்டால் இரண்டு மூன்று தண்ணீர். பலரும் விட்டுவிடுவது மணிச்சத்தை (பாஸ்பரஸை). அது இல்லாமல் வேர் முடிச்சு சரியாகப் பிடிக்காது. நெல்லுக்கு எப்படியும் சூப்பர் பாஸ்பேட் போடப்போகிறோம். அதில் ஏக்கருக்கு ஒரு மூட்டையைத் தக்கைப்பூண்டு விதைக்கும்போதே இட்டுவிட்டால், செடி அதை எடுத்து வளர்ந்து, மடக்கியதும் நெல்லுக்கே திருப்பித் தரும். கூடுதல் செலவு கிடையாது.

குறுவைக்கு இதைச் செய்ய நினைப்பவர் மேட்டூர் அணை திறக்கக் குறித்த நாளான ஜூன் 12-ஐ நோக்கிப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். மேட்டூர் குறித்த நாளில் திறந்தால் ஜூன் மூன்றாம் வாரம் மடக்கலாம். அப்படியானால் மே முதல் வாரத்துக்குள், கோடை மழை ஈரத்திலோ பம்புசெட் தண்ணீரிலோ விதைத்திருக்க வேண்டும். நாற்றங்கால் வேலை தனியே நடந்துகொண்டிருக்கும். சம்பாவுக்கு ஆனியில் விதைத்து ஆவணியில் மடக்குவது தோதாக இருக்கும்; கடைமடைக்கு இதுவே சரி. குறுவை அறுத்துத் தாளடி (இரண்டாம் போக நெல்) நடுபவர்களுக்கு இடையில் நாளே இல்லை. அவர்களிடம் இதை வற்புறுத்துவதில் அர்த்தமில்லை. நேரடி விதைப்புச் சம்பாவில் நெல்லோடு சேர்த்துத் தக்கைப்பூண்டைத் தெளித்து, 25, 30 நாளில் 2,4-டி களைக்கொல்லியைத் தெளித்து வாடவிடும் வழியும் உண்டு. களையையும் அது அமுக்கும். பக்கத்து வயலில் பருத்தியோ காய்கறியோ இருந்தால் மட்டும் வேண்டாம்; காற்றில் போகும் சிறு சாரலே பருத்தி இலையைச் சுருட்டிவிடும்.

மடக்கும் நாளில் வயலில் மூன்று நான்கு அங்குலம் தண்ணீர் வேண்டும். முதலில் பரம்புப் பலகையை ஓட்டி செடியை ஒரே திசையில் சாய்த்துவிட்டு, அதே திசையில் ரோட்டவேட்டரோ கேஜ் வீலோ ஓட்டினால் செடி சேற்றுக்குள் அமுங்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் நிமிர்ந்து நிமிர்ந்து வரும். பிறகு ஒரு வாரம் முதல் பத்து நாள் தண்ணீரை வடிக்காமல் விட வேண்டும். மக்கும்போது பிரியும் அமோனியா அந்த நீரில்தான் நிற்கிறது. மடையைத் திறந்துவிட்டால் உரம் பக்கத்து வாய்க்காலுக்குப் போகும்.

இங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது. அவசரப்பட்டு மடக்கிய இரண்டு மூன்று நாளில் நட்டவர்கள், நாற்று பச்சை பிடிக்கவில்லை, மஞ்சளாக நிற்கிறது என்று யூரியாவைத் தூவுகிறார்கள். நோய் வேறு. வயலில் காலை வைத்ததும் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இருக்காமல் பழுப்போ கறுப்போ ஏறியிருக்கும். அதற்கு மருந்து கடையில் இல்லை. தண்ணீரை வடித்து, சேறு மயிரிழை போல வெடிக்கும் வரை இரண்டு மூன்று நாள் காயவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பசுந்தாளை நீரில் அழுகவிடுவதால் மீத்தேன் கூடுதலாக வெளிவரும் என்பதும் உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அதுவும் குறையும்.

இன்னொரு மஞ்சள் உண்டு. நட்ட மூன்றாம், நான்காம் வாரத்தில் இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் துருப் போன்ற புள்ளி வந்தால் துத்தநாகப் பற்றாக்குறை. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த நிலத்தில், நீர் தேங்கிப் பசுந்தாள் அழுகும்போது இது தலைகாட்டும். அத்தகைய நிலத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன்பே மேலாகத் தூவலாம். டி.ஏ.பி. உரத்துடனோ சூப்பர் பாஸ்பேட்டுடனோ ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கட்டிப்போய்ப் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

எவ்வளவு யூரியா மிச்சம்? வயலில் நான்கைந்து இடங்களில் ஒரு சதுர மீட்டர் அளந்து, தரையோடு அறுத்து எடைபோடுங்கள். சராசரி 2 கிலோ இருந்தால் ஏக்கருக்கு 8 டன் பச்சை. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதி 1.6 டன் உலர் பொருளில் இரண்டரை சதம் தழைச்சத்து என்றால் 40 கிலோ. பாதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும் என்று வைத்தாலும் 20 கிலோ. அது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் அளவு. ஆகவே அடியுரத்தில் யூரியாவை நிறுத்திவிட்டு, நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் அட்டை) வைத்துப் பார்த்து மேலுரம் கொடுக்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே போனால் போடுங்கள். பசுந்தாளையும் மடக்கி, வழக்கமான யூரியாவையும் கொட்டினால் பயிர் கரும்பச்சையாக வழியும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும், பொன்னி சாய்ந்துவிடும். இப்படி நஷ்டப்பட்டவர்கள்தான் 'தக்கைப்பூண்டு போட்டால் பூச்சி வரும்' என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

எல்லா மண்ணுக்கும் தக்கைப்பூண்டே வேண்டும் என்பதில்லை. தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்துக்குச் சணப்பு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ. ஒருநாள் நீர் நின்றாலே அது முகம் வாடும். மணற்பாங்கான தரிசில் கொழிஞ்சி. அதன் விதைத்தோல் கடினமாதலால் மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும். மாடு வாய் வைக்காது என்பதால் வேலியில்லாத இடத்துக்கு ஏற்றது. ஒருமுறை விதை விழுந்துவிட்டால் ஆண்டுதோறும் தானாக முளைக்கும். களர் நிலத்தில் முதலில் ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடித்துவிட்டு, அதன் பிறகு தக்கைப்பூண்டு. ஜிப்சத்தைத் தள்ளிவிட்டுத் தக்கைப்பூண்டை மட்டும் நம்பினால் திருத்தம் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

தமிழக அரசு 2024-இல் அறிவித்த 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் தரப்படுவது வரவேற்கத்தக்கது. குறுவைக்குரிய விதை பங்குனி முடிவதற்குள் கிடங்குக்கு வந்து சேர வேண்டும். வைகாசிப் பாதியில் வரும் மூட்டையால் சம்பாக்காரருக்கு மட்டுமே பலன். எத்தனை டன் விதை கொடுத்தோம் என்ற கணக்கோடு, எத்தனை ஏக்கர் 50 நாளுக்குள் மடக்கப்பட்டது என்ற கணக்கையும் கிராம வாரியாக எடுக்கலாம். ரோட்டவேட்டர் வாடகைக்கு ஒரே வாரத்தில் எல்லோரும் முட்டிமோதுவதால், விதை வாங்கும்போதே மடக்கும் தேதிக்கும் இயந்திரத்தைப் பதிவு செய்துகொள்ளும் வசதி வேண்டும். விதைக்கு அரசையே நம்பாமல், வரப்பை ஒட்டி இரண்டு முழ அகலத்தில் கொஞ்சம் செடியை விட்டுவைத்து, காய் பழுப்பேறியதும் வெடிக்கும் முன் காலை வேளையில் அறுத்துக்கொள்வதும் நடக்கக் கூடியதே.

இப்படிக்கு,
டெல்டா உழவர்கள் சிலர்,
மன்னார்குடி